தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர் சுறா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கரைத் தூண்டில் கழகத்தின் பன்னிரண்டாவது ஆண்டுச் சிறுசுறாப் போட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கடல் ஏறத் தொடங்கும் நல்வேளையில் நடைபெறும். உறுப்பினர்கள் பதினொரு பேரும் சொந்தத் தூண்டில், சொந்த இரை, சொந்த நாற்காலி சகிதம் வரக் கடமைப்பட்டவர்கள். வராதவர்களை வரலாறு மன்னிக்காது. இவ்வாண்டு முதல், சமநீதியை முன்னிட்டு, பிடிபடும் எல்லாச் சுறாக்களும் சென்ற ஆண்டின் சாதனையை அளந்த அதே நாடாவால் மட்டுமே அளக்கப்படும்.

கையெழுத்து: தலைவர். அவர் ஓய்வுபெற்ற பதிவாளர். முப்பத்தாறு வருஷம் ஊரார் நிலத்தையும் கல்யாணத்தையும் பதிவேட்டில் ஏற்றியவர். பதிவேட்டில் ஏறாத எதுவும் உலகத்தில் நடக்கவே இல்லை என்பது அவருடைய மதம். அறிவிப்பைப் பதினொரு உறைகளில் போட்டுப் பதினொரு பேருக்கும் அனுப்பினார். அதில் ஒன்று அவருக்கே வந்தது. அதையும் முறைப்படி பிரித்துப் படித்து, திருப்தி அடைந்ததாகக் கேள்வி.

கண்ணாடிக்காரர் தன் உறையைக் கடையில் வைத்துப் பிரித்தார். மூக்குக்கண்ணாடிக் கடை அவருடையது. எதிரே நாற்காலியில் ஓர் அம்மாள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரி தெரியலீங்க" என்றார் அம்மாள்.

"எனக்கு நல்லாத் தெரியுது" என்றார் கண்ணாடிக்காரர். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அறிவிப்பின் கடைசி வரியை. அறிவிப்பை மடித்து மேஜை இழுப்பறையின் அடியில் தள்ளினார்.

காரணத்தைச் சொல்லிவிடலாம். சென்ற ஆண்டுச் சாதனை அவருடையதுதான். தொண்ணூற்று நான்கு சென்டிமீட்டர். அதற்கு முந்தைய சாதனை தலைவருடையது, எண்பத்தெட்டு; ஏழு வருஷமாக அசையாமல் இருந்தது. கண்ணாடிக்காரர் சுறாவைக் கரையேற்றிய அன்று, கழகத்தின் இரும்பு நாடா துருப்பிடித்து, அதன் கூட்டுக்குள்ளிருந்து வெளியே வர மறுத்துவிட்டது. சுறா துள்ளுகிறது, எல்லோரும் கத்துகிறார்கள். கண்ணாடிக்காரரின் பைக்குள் மனைவியின் தையல் டேப் சுருண்டு கிடந்தது. எடுத்துக் கொடுத்தார். ஒருவர் மூக்கு நுனியில் பிடித்தார், தலைவர் வால் நுனியில் படித்தார். சுறா கடலுக்குப் போயிற்று, எண் பதிவேட்டுக்குப் போயிற்று, டேப் பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குப் போயிற்று. அன்றிலிருந்து அதற்குப் பெயர் சாதனை நாடா.

போன மாதம் ஒரு மாலை, கண்ணாடிக்காரரின் மனைவி தையல் மெஷினுக்கு அடியில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என் பழைய டேப்பைப் பாத்தீங்களா? மஞ்சள் கலர்."

"அது கழகத்துல இருக்கு. பெட்டிக்குள்ள."

"அங்க எதுக்கு?"

"எதுக்கா? அதாலதான சுறாவை அளந்தோம்."

மெஷினுக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்தது. "அதாலயா அளந்தீங்க? அதுல முதல் பத்து சென்டிமீட்டர் கிடையாதுங்க. நைஞ்சு போச்சுன்னு வெட்டிட்டு, முனையில இருந்த தகரத்தைத் திரும்பத் தச்சு வெச்சேன்."

கண்ணாடிக்காரர் விரல்களால் காற்றில் பத்து சென்டிமீட்டர் அளந்து பார்த்தார். "அப்ப நீ ஊருக்கெல்லாம் எப்படித் தைக்கிற?"

"பத்தைக் கழிச்சுக்குவேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க மீனுக்குச் சட்டை தைக்கப் போறீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

தொண்ணூற்று நான்கில் பத்து போனால் எண்பத்து நான்கு. தலைவரின் எண்பத்தெட்டுக்கு நான்கு குறைவு. அரை மில்லிமீட்டர் பிசகினால் தலைவலி வரும் என்று நாள் முழுக்க ஊரார் இரண்டு கண்களுக்கும் நடுவே அளவுகோல் பிடிக்கிற மனிதர், ஒரு மீனை அரைச் சாண் நீட்டமாக எழுத வைத்துவிட்டார். அரைச் சாணுக்குக் கொஞ்சம் குறைவுதான். அந்தக் கழிவால் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

"போய்ச் சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி. "செத்தா போயிடுவீங்க?"

"உங்க அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

அவள் மறுபடி மெஷினுக்கு அடியில் தலையை விட்டாள்.

மனைவியின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். பதினைந்து வருஷமாகக் கண்ணாடிக்காரரை எல்லோருக்கும், "நம்ம மாப்ள, கண்ணாடி தொடைக்கிறாரு" என்றே அறிமுகப்படுத்தி வந்தவர். குடும்பத்தோடு எங்கே போனாலும் கண்ணாடிக்காரருக்குப் பின் சீட், மடியில் பைகள். சாதனைக்குப் பிறகு எல்லாம் மாறியது. "மாப்ள, முன்னாடி வாங்க" என்றார் மச்சான். டிரைவிங் ஸ்கூல் காரில் முன் சீட் என்பது லேசுப்பட்ட இடமில்லை. அங்கேயும் ஒரு பிரேக் உண்டு. அது கற்றுக்கொடுப்பவரின் இடம். அறிமுகமும் மாறியது: "நம்ம சுறா. தொண்ணூத்தி நாலு." கண்ணாடிக்காரர் ஒரு வருஷமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்து வருகிறார். ஒருமுறைகூட அந்த பிரேக்கை மிதித்ததில்லை. ஆனால் அது காலுக்கடியில் இருக்கிறது என்ற நினைப்பிலேயே மனிதருக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

அந்த முதுகுதான் இப்போது பத்து சென்டிமீட்டரில் தொங்கியது. யாராவது ஒருவர் ஒரு சுறாவைப் பிடித்தால் போதும். பெட்டி திறக்கும், நாடா விரியும், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து இருப்பதை எவனாவது பார்ப்பான்.

போட்டிக்கு நான்கு நாள் இருக்கையில் கண்ணாடிக்காரர் ஒரு காரியம் செய்தார். புதிதாக ஒரு மஞ்சள் டேப் வாங்கி, பழசாகத் தெரிவதற்காக அதைத் தேநீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். கையில் கண்ணாடி துடைக்கிற திரவமும் மென்துணியும்.

"பெட்டியில தூசி படிஞ்சிருக்கும். தொடைச்சுத் தரலாம்னு வந்தேன்."

தலைவர் பெட்டியை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். "வெளிப்பக்கம் தொடைங்க."

"உள்பக்கமும்…"

"பதிவான பொருளைத் திறக்கணும்னா ரெண்டு சாட்சி வேணும். என் வீட்டுக்காரி ஒரு சாட்சி. இன்னொண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம் சார்."

"உங்க சட்டைப்பையிலேர்ந்து டீ வாசனை வருதே."

"குடிச்சேன் சார்."

"பையாலயா?"

கண்ணாடிக்காரர் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்தார். அந்தப் பெட்டி அதற்கு முன்பு அவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை. உள்ளே சுருண்டிருந்த நாடாவின் ஒவ்வொரு கோடும் துல்லியமாகத் தெரிந்தது.

ஞாயிறு விடிந்தது. மச்சான் காரை ஓட்டினார், கண்ணாடிக்காரர் முன் சீட்டில் இருந்தார். மச்சான் இந்த வருஷம்தான் கழகத்தில் சேர்ந்திருந்தார். காலியாக இருந்த பதினோராவது இடத்துக்குச் சிபாரிசு செய்ததே கண்ணாடிக்காரர்தான். வினை எப்போதும் வாசல் வழியாகத்தான் வரும், நாமேதான் கதவைத் திறந்துவிடுவோம்.

"என்ன மாப்ள, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"தூக்கம் இல்ல மச்சான்."

"சாதனை போயிடுமோன்னு பயம். எனக்குத் தெரியும்."

"அதெல்லாம் இல்ல."

"போகட்டுமே. நம்ம குடும்பத்துக்குள்ளதான போகும்?" மச்சான் சிரித்தார். கண்ணாடிக்காரரின் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது.

கரையில் பதினொரு பிளாஸ்டிக் குழாய்கள் மணலில் நட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டில் கம்பு, கம்பு நுனியில் ஒரு சின்ன மணி. பதினொரு நாற்காலிகளில் பதினொரு பேர், நேர்காணலுக்கு வந்தவர்கள் மாதிரி கடலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். சுறாவுக்குத் தூண்டில் போடுகிறவன் நைலானோடு நிறுத்தமாட்டான். முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் எஃகுக் கம்பி கட்டுவான். இல்லாவிட்டால் சுறா ஒரே கடியில் நைலானை அறுத்துக்கொண்டு போய்விடும். கண்ணாடிக்காரர் அன்று கம்பி கட்டவில்லை. வெறும் நைலானில் முள்ளைக் கட்டி, கணவாய்த் துண்டு ஒன்றைப் பேருக்கு மாட்டி, குழந்தைகள் கால் நனைக்கிற தூரத்தில் எறிந்தார். சாதனையாளர் மீன் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு தூண்டில் போட்டது கழக வரலாற்றில் அதுவே முதல்முறை. பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மற்ற பத்துப் பேரின் வேண்டுதலுக்கு எதிராக ஒற்றை ஆள் வேண்டிக்கொள்வது சாதாரண வேலை இல்லை. ஏழு மணி வரை தாக்குப்பிடித்தார். தூரத்தில் ஒரு சைக்கிள் மணி அடித்தபோது நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். ஏழரைக்குப் பக்கத்து நாற்காலி பல் டாக்டரின் போன் கிணுகிணுத்தது. அதற்கும் எழுந்தார்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் பல் டாக்டர். அவர் கழகத்தின் செயலாளர். மீன் வாயிலிருந்து முள் எடுப்பது அவர் பொறுப்பு. இருபது வருஷம் பற்களோடு பழகியவர்தான், ஆனால் மயக்க ஊசி போடாத வாய்க்குள் கை விடமாட்டார். ஆகவே இடுக்கியை மட்டும் எடுத்துக் கொடுப்பார்.

எட்டு இருபதுக்கு மணி அடித்தது. அது எந்த மணி என்று திரும்பிப் பார்க்கவே கண்ணாடிக்காரருக்குத் தேவைப்படவில்லை. மச்சானின் குரல் அதற்கு முன்பே எழுந்துவிட்டது.

"எல்லாரும் ஒதுங்குங்க. எனக்கு இடம் வேணும்."

கம்பு வில்லாக வளைந்தது. ரீல் சீறிக்கொண்டு ஓடியது. மச்சான் கடலுக்கே டிரைவிங் சொல்லிக்கொடுத்தார். "மெதுவா. மெதுவா வா. அவசரப்படாத. இடது பக்கம் ஒடி." பத்து நிமிஷம் கழித்து அலை ஒன்று வழிந்து இறங்கியபோது, ஈர மணலில் சாம்பல் நிறத்தில் ஒரு சுறா கிடந்து வாலை அடித்தது. மூக்கு கூர்மையாக, கண் உருண்டையாக, வயிறு வெண்மையாக இருந்தது. மச்சான் அதன் தலைக்குப் பின்னால் ஒரு கையும் வால் அடியில் ஒரு கையுமாகப் பிடித்துத் தூக்கினார். தோல் உப்புத்தாள் மாதிரி உராய்ந்து முன்கை சிவந்தது. அந்தச் சிவப்பை எல்லோருக்கும் காட்டினார்.

தலைவர் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பெட்டியைத் திறந்தார். பல் டாக்டர் மூக்கு நுனியில் தகரத்தை வைத்தார். தலைவர் வால் நுனியில் குனிந்தார்.

கண்ணாடிக்காரர் பல் டாக்டரின் கட்டைவிரலையே பார்த்தார். அந்த விரல் நாடாவின் முனையை முழுக்க மறைத்திருந்தது. நகர்த்தவில்லை. நல்ல விரல். அகலமான விரல்.

"தொண்ணூற்றேழு" என்றார் தலைவர்.

ஆக, யாரும் எதையும் பார்க்கவில்லை. கண்ணாடிக்காரர் பயந்தது நடக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்திருந்தது.

"தொண்ணூத்தேழு" என்றார் மச்சான், ஒவ்வொரு எழுத்தையும் சப்பிச் சாப்பிட்டுக்கொண்டு. "மாப்ள, கேட்டீங்களா? மூணு சென்டிமீட்டர் அதிகம். வருத்தப்படாதீங்க. போகும்போது பின்னாடி சௌகரியமா காலை நீட்டி உக்காந்துக்கங்க. நாற்காலியெல்லாம் மடியில வெச்சுக்கலாம்."

சுறாவை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் போட்டார்கள். பதிவு முடிகிறவரை அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்குத் தொட்டியில் இருக்கிற தண்ணீரை முகந்து கொட்டி, கடலிலிருந்து புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுறா நீந்தினால்தான் மூச்சு. தொட்டிக்குள் அதற்கு நீந்த இடமில்லை.

"மாப்ள சும்மாதான இருக்காரு" என்றார் மச்சான். "அவர்கிட்ட வாளியைக் குடுங்க."

வாளி கைக்கு வந்தது. கண்ணாடிக்காரர் இரண்டு தடவை கடலுக்குப் போய் வந்தார். மூன்றாவது தடவை வரும்போது, தலைவர் பதிவேட்டைப் பிரித்துப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மச்சான் யாருக்கோ போனில், "நம்ம மாப்ளயா? கண்ணாடி தொடைக்கிறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எதிரிக்குச் சகுனத்தடை என்று தன் மூக்கை அறுத்துக்கொள்கிறவர்களைப் பற்றி நம் முன்னோர்கள் ஏளனமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணத்தின் சுகம் முன்னோர்களுக்குத் தெரியாது. கண்ணாடி விற்கிறவருக்கு மூக்கின் அருமை தெரியும், இருந்தும் அறுத்தார்.

"அந்த நாடால பத்து சென்டிமீட்டர் இல்ல" என்றார்.

பேனா நின்றது. பல் டாக்டர் நாடாவைக் கையில் எடுத்து முனையைத் திருப்பினார். "ஆமா சார். பத்துலதான் ஆரம்பிக்குது."

"என்ன சொல்றீங்க?" என்றார் மச்சான், போனை இறக்காமலே.

"உங்க மீன் எண்பத்தேழு மச்சான்."

"அப்ப உங்க மீன்?"

"எண்பத்தி நாலு." பதினைந்து வருஷப் பின் சீட்டும் பைகளும் ஒன்றாக மடியில் வந்து விழுந்தன.

தலைவர் பேனாவைத் திறந்தபடியே கையில் பிடித்துக்கொண்டார். பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். "அவசரக் கமிட்டி" என்றார். பத்து நாற்காலிகள் வட்டமாகத் திரும்பின. கண்ணாடிக்காரருக்கு நாற்காலி தரப்படவில்லை. அவர் குற்றம் சாட்டப்பட்டவர். தொட்டிக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றார்.

முதல் சாட்சியாக அவருடைய மனைவி போனில் அழைக்கப்பட்டாள். எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"ஆமாங்க, நான்தான் வெட்டினேன்" என்றாள். "பத்தைக் கழிச்சுக்கணும்."

"எந்தத் தேதியில வெட்டினீங்க?"

"யாருங்க அதையெல்லாம் எழுதி வைப்பாங்க?"

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். எழுதி வைக்காத பெண்மணி.

"ஏம்மா, நான் அண்ணன் பேசுறேன்" என்றார் மச்சான், பதற்றத்தில். "என் மீன் தொண்ணூத்தேழு."

"எண்பத்தேழு அண்ணே. அந்த மீன் இப்ப எங்க இருக்கு?"

"கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாப் போதும்மா" என்றார் தலைவர். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பிறகு விவாதம். நாடா செல்லாது என்றால் இரண்டு மீனும் செல்லாது என்றார் ஒருவர். அப்படியானால் தலைவரின் எண்பத்தெட்டே சாதனை என்றார் பல் டாக்டர், தலைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. சாதனை தன் மடிக்கே திரும்பி வருகிறது என்பது தலைவருக்கும் தெரிந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பதிவேட்டைப் புரட்டினார். சென்ற ஆண்டுப் பக்கத்தில் தொண்ணூற்று நான்கு என்று அவர் கையெழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே அவர் கையொப்பம். அதன் மேல் முத்திரை. வெளிச்சம் அணைந்தது.

கண்ணாடிக்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார். ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கடல் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெயில் ஏறி, தொட்டியின் நிழல் சுருங்கியது.

"நான் இதை அடிக்கணுமா?" என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல். "முப்பத்தாறு வருஷத்துல ஒரு அடித்தல் கிடையாது. தப்பான பொண்ணு பேர்ல ஒரு கல்யாணமே பதிவாயிருக்கு. நான் அடிக்கல. மாப்பிள்ளை அந்தப் பொண்ணோடயே நல்லா இருக்கான்."

"அதுக்கு?" என்றார் மச்சான்.

"பதிவானது பதிவானதுதான். சென்ற ஆண்டு தொண்ணூற்று நான்கு, நிக்கும். உங்களுது இன்னும் பதிவாகல. நான் பேனாவைத்தான் திறந்திருக்கேன். பதிவாகாததைத் திருத்தலாம். எண்பத்தேழு."

மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தார். "சார், என் மீன் எண்பத்தேழு, அவர் மீன் எண்பத்தி நாலு. பெரிசு யாருது?"

"மீன் உங்களுதுதான் பெரிசு. பதிவு அவருதுதான் பெரிசு."

"இது நியாயமா?"

"நியாயத்துக்கு வேற ஆபீஸ் இருக்கு" என்றார் தலைவர். ஒன்பது கைகள் உயர்ந்தன. எல்லோருக்கும் பசி.

கண்ணாடிக்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். தொண்ணூற்று நான்கு நிற்கிறது. உலகம் முழுக்கத் தெரிந்தே நிற்கிறது. மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, கூடவே பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் பயமும் இருந்தது.

"பயங்கரமான ஆளுய்யா நீங்க" என்றார் மெதுவாக. "வாங்க. முன்னாடியே உக்காருங்க."

தலைவர் எழுதத் தொடங்கினார். பிடித்தவர் பெயர். நேரம், எட்டு இருபது. இரை, மத்தித் துண்டு. நீளம், எண்பத்தேழு. கடைசிக் கட்டத்துக்கு வந்து நிமிர்ந்தார்.

"கடல்ல விட்ட நேரம்?"

பதினொரு பேரும் தொட்டியின் பக்கம் திரும்பினார்கள்.

சுறா செத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.